மாடும் இல்லை, மோட்டாரும் இல்லை!

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாலைப் பந்தயம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழா வந்தால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயமும் கூடவே வந்துவிடும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் புறப்படும். சாலையின் இரு பக்கமும் ஊரே திரண்டு நிற்கும். எல்கையைத் தொட்டுத் திரும்பி வரும் வண்டிகளில் எது முந்துகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை மட்டும் பந்தயத்துக்கு விட முடியுமா?

சிரிக்காதீர்கள், முடியும். மாடு வேண்டாம், குதிரை வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். ஒரு மலைச்சாலை இருந்தால் போதும். உச்சியில் நின்று கொண்டு சக்கரத்தை விட்டுவிட்டால், இழுத்துக்கொண்டு போகும் வேலையைப் பூமியே பார்த்துக்கொள்ளும். இதற்குப் 'புவியீர்ப்பு விளையாட்டு' என்றே பெயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்று சனி, ஞாயிறுகளில் மலைச்சாலைகளை அடைத்துப் போட்டி நடத்துகிறார்கள்.

செக் குடியரசில் கோசாகோவ் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 744 மீட்டர். அதிலிருந்து இறங்கும் தார்ச்சாலையில் இப்படிப்பட்ட பந்தயங்கள் பல கோடைகளில் நடந்திருக்கின்றன. சக்கரப்பலகையின் மேல் நின்றுகொண்டு சிலர் வருவார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத நீண்ட சட்டத்தின் மேல் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியபடி சிலர் வருவார்கள். மிதிகட்டையும் சங்கிலியும் இல்லாத சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. முதல் நாள் முழுவதும் பயிற்சியும், தனித்தனியாக இறங்கி நேரம் எடுப்பதும் நடக்கும். மறுநாள் நான்கு நான்கு பேராகப் புறப்படுவார்கள்; ஒவ்வொரு நான்கிலும் முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். கீழே வந்து சேர்ந்தவர்களை ஒரு லாரியோ பஸ்ஸோ ஏற்றிக்கொண்டு மறுபடியும் உச்சிக்குப் போகும். அந்த லாரியை மறந்துவிடாதீர்கள். பந்தயத்தில் டீசல் செலவாவது அங்கேதான். இறங்கும்போது இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும் ஆற்றல், உண்மையில் அந்த லாரி மேலே ஏற்றி வைத்த ஆற்றல்தான்.

புதுக்கோட்டையில் அப்படிப்பட்ட மலைச்சாலை கிடையாது. நம் மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. நடுநடுவே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று பாறைக் குன்றுகள் தலைநீட்டும். ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சி சாலையில் உள்ள நார்த்தாமலைக் குன்றுகளில் ஒன்றின் பெயர் 'ஆளுருட்டிமலை'. பழங்காலத்தில் குற்றவாளிகளை அதன் உச்சியிலிருந்து உருட்டிவிடுவார்கள் என்று அந்தப் பெயருக்குக் கதை சொல்வதுண்டு. கதை உண்மையோ பொய்யோ, பெயர் வைத்தவர் புவியீர்ப்பு விசையை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலைச்சாலை இல்லாவிட்டால் என்ன? பேரிங் வண்டி இருக்கிறதே! லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகள் மூன்று, ஒரு பலகை, முன் கட்டையைத் திருப்ப ஒரு போல்ட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. இவ்வளவுதான் வண்டி. கண்மாய்க் கரையிலிருந்து கீழே இறங்கும் பாதையில் அதை விட்டால் 'கரகர'வென்ற சத்தம் தெருமுனை வரை கேட்கும். கோசாகோவ் மலையில் நடப்பதற்கும் இதற்கும் இயற்பியலில் துளியும் வேறுபாடில்லை. ஆகவே இந்தப் பேரிங் வண்டியையே நம் ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்வோம்.

உயரம் மட்டுமே கணக்கு

சரிவில் இறங்கும் வண்டியின் வேகத்தை எது தீர்மானிக்கிறது? சரிவின் நீளமா, செங்குத்தா, வண்டியின் எடையா?

உராய்வையும் காற்றையும் சற்று நேரம் மறந்துவிட்டால், விடை மிக எளியது. எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பது ஒன்றுதான் கணக்கு. உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. இரண்டிலும் நிறை பெருக்கலாக வருவதால் அது அடிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது இதுதான்: வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்.

புவியீர்ப்பு முடுக்கத்தை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் உயரம் இறங்கினால் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. 20 மீட்டர் இறங்கினால் 72 கி.மீ. 45 மீட்டர் இறங்கினால் 108 கி.மீ. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். மூன்று மடங்காக வேண்டுமானால் ஒன்பது மடங்கு.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். சரிவு எவ்வளவு சாய்வாக இருந்தாலும் கடைசி வேகம் ஒன்றுதான். பத்துக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவில், அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் பாதையில், 50 மீட்டர் தூரம் உருண்டு வந்தால் 5 மீட்டர் உயரம் இறங்கியிருப்பீர்கள். அதற்குப் பத்து விநாடி ஆகும். 5 மீட்டர் உயரச் சுவரிலிருந்து நேரே குதித்தால் ஒரே விநாடியில் தரையைத் தொடுவீர்கள். இரண்டிலும் வேகம் ஒன்றே! ஐந்து மீட்டர் சுவரிலிருந்து குதிக்கச் சொன்னால் யாரும் குதிக்க மாட்டார்கள். பேரிங் வண்டியில் மட்டும் சிரித்துக்கொண்டே ஏறிவிடுகிறோம். வேகம் மெல்ல மெல்ல ஏறுவதால் நமக்குப் பயம் தெரிவதில்லை.

இந்தச் 'சரிவு' என்ற தந்திரத்தை முதலில் அறிவியலுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் கலீலியோ. நேராக விழும் பொருளின் ஓட்டத்தை அளக்க அவர் காலத்தில் தக்க கடிகாரம் இல்லை. ஆகவே விழுதலை மெதுவாக்கினார். சுமார் பன்னிரண்டு முழ நீள மரச்சட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் வழவழப்பான தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு என்று கண்டார். 1638ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூலில் இந்தச் சோதனை விவரமாக இருக்கிறது. இன்று உங்கள் கைக்கடிகாரமே போதும். ஆனால் தண்ணீர்க் கடிகாரத்தில் செய்து பார்ப்பதில் உள்ள சுவையே தனி.

அப்படியானால் ஆயிரம் மீட்டர் இறங்கினால்?

கொல்லிமலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். காட்டுக்கு நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள். இப்படி ஒரு மலையில் 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டு நம் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வேகம் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் வரும். ஆகாய விமானங்களுக்கு உரிய வேகம் இது! ஆனால், சக்கரப்பலகையில் நின்றபடி மனிதர் எட்டிய வேகத்துக்கு 2017இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பீட்டர் கானலி என்பவர் ஏற்படுத்திய சாதனை மணிக்கு 146.73 கி.மீ. தான். மீதி ஆற்றல் எங்கே போயிற்று?

ஒரு பகுதி சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே போயிற்று. பேரிங் வண்டி ஏன் அப்படிக் கத்துகிறது? இரும்பு வளையம் நெளியாது. தாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஜல்லியிலும் முட்டி, எகிறி, விழுந்து போகிறது. அந்தச் சத்தமும் உங்கள் முதுகெலும்பில் ஏறும் அதிர்ச்சியும் எல்லாம் வேகத்திலிருந்து திருடப்பட்ட ஆற்றல்தான். பழைய சக்கரப்பலகைகளிலும் இரும்புச் சக்கரமும் களிமண் கலந்த சக்கரமும்தான் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் சக்கரங்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அது சிறு கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். தாரை இறுகப் பற்றவும் செய்யும். விளையாட்டே மாறிவிட்டது. சக்கரத்தின் அளவும் இதில் முக்கியம். சிறு சக்கரம் ஒரு புளியங்கொட்டையில்கூடத் தடுக்கி நின்றுவிடும்; ஆள் மட்டும் முன்னால் போய் விழுவார். நம் மாட்டுவண்டிச் சக்கரம் அத்தனை பெரிதாக இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா? பள்ளமும் மேடும் நிறைந்த வண்டிப்பாதைக்கு அதுதான் ஏற்றது.

ஆற்றலின் பெரும்பகுதியை விழுங்குவது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. எனவே ஏதோ ஒரு வேகத்தில் காற்றின் தடையும் சரிவின் இழுப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் எத்தனை மைல் இறங்கினாலும் வேகம் கூடாது. இதுவே முற்று வேகம். பத்துக்கு ஒன்று சரிவில் ஒருவர் நிமிர்ந்து நின்றபடி வந்தால், தோராயமாக மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இந்தச் சமநிலை வந்துவிடும். குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முட்டைபோல் குறுகினால் 70ஐத் தொடலாம். மல்லாந்து படுத்துவிட்டால் 100ஐயும் தாண்டலாம். அதே சாலை, அதே எடை, அதே பூமி! காற்றுக்குக் காட்டும் பரப்பு மட்டுமே வேறு.

எடை சம்பந்தப்படுவதும் இங்கேதான். நிறை அடிபட்டுப் போகிறது என்று சற்று முன் சொன்னேன். காற்று இல்லாவிட்டால் அது சரி. காற்று இருக்கும்போது? ஒரே உருவமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று ஆளோடு சேர்த்து 40 கிலோ, மற்றது 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று இரண்டையும் ஒரே மாதிரி தடுக்கிறது. பூமியோ கனமான வண்டியை இரண்டு மடங்கு விசையோடு இழுக்கிறது. அதனால் கனமான வண்டியின் முற்று வேகம் சுமார் 1.4 மடங்கு அதிகம். "குண்டுப் பையன் வண்டிதான் எப்போதும் ஜெயிக்கிறது" என்று நீங்கள் கண்மாய்க் கரையில் முணுமுணுத்திருந்தால், அதில் இயற்பியல் நியாயம் இருக்கிறது.

மூக்கில் ஒளிந்த காந்தம்

இந்த நியாயத்தை நன்றாக உணர்ந்தவர்கள் அமெரிக்கச் சிறுவர்கள். அங்கே பெட்டிப் பலகைகளில் சக்கரம் மாட்டிச் சரிவில் விடும் சிறுவர் போட்டி 1934இல் டேட்டன் நகரில் தேசிய அளவில் நடந்தது. அடுத்த ஆண்டே ஆக்ரன் நகருக்கு மாறியது. 1936இல் அதற்கென்றே ஒரு சரிவுப் பாதை கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். இன்றும் அங்கே போட்டி நடக்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். மெலிந்த பிள்ளைகள் வரம்பு வரை எடையை ஏற்றிக்கொள்ளலாம்.

1973இல் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வென்ற பதினான்கு வயதுப் பையனின் வண்டி, ஒவ்வொரு சுற்றிலும் புறப்படும் நொடியிலேயே மற்ற வண்டிகளைவிடத் துள்ளி முன்னால் போயிற்று. நடுவர்களுக்குச் சந்தேகம். வண்டியை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூக்குப் பகுதிக்குள் ஒரு மின்காந்தம்! புறப்படும் இடத்தில் வண்டிகளைத் தடுத்து நிறுத்தியிருந்தது ஓர் இரும்புத் தகடு. அது முன்பக்கமாக மடிந்து விழும்போது காந்தம் அதோடு ஒட்டிக்கொள்ள, தகடே வண்டியை முன்னால் இழுத்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்தால் காந்தத்துக்கு மின்சாரம் போகும்படி விசை வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் பரிசு பறிபோயிற்று. குறுக்கு வழிதான், ஆனாலும் புறப்பாட்டில் கிடைக்கும் சிறிய முந்துதல் முடிவு வரை கூடவே வருகிறது என்பதை அந்தக் கூட்டாளிகள் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார்கள்.

செருப்பை நம்பலாமா?

வேகம் எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நிற்பது எப்படி?

பேரிங் வண்டிக்கு பிரேக் கிடையாது. செருப்புக் காலைத் தரையில் தேய்ப்பதுதான் பிரேக். கேவலமாக நினைக்க வேண்டாம். போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவில், மோந்தே என்ற மேட்டு ஊரிலிருந்து புஞ்சால் நகரை நோக்கிப் பிரம்புச் சறுக்கு வண்டிகளில் பயணிகளை இறக்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நடந்துவரும் வழக்கம் இது. வண்டிக்குப் பின்னால் வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுடைய தடித்த ரப்பர் அடிப்பாகம் வைத்த பூட்சுகள்தான் அந்த வண்டிக்கு பிரேக்.

செருப்பைத் தேய்ப்பதால் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறவர் 25 மீட்டரில் நின்றுவிடுவார். 72 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு 50 மீட்டர் போதாது; 100 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

இது சமதரையில். நாம் இருப்பதோ சரிவில்! பத்துக்கு ஒன்று சரிவில் பூமி நம்மை விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வீதம் முடுக்கிக்கொண்டே இருக்கிறது. செருப்பின் வேலையில் பாதி அதை ஈடுகட்டவே போய்விடுகிறது. மிச்சம் 1 மீட்டர்தான். எனவே 25 மீட்டரில் நிற்க வேண்டியவருக்கு 50 மீட்டர் ஆகும். 100 மீட்டரில் நிற்க வேண்டியவருக்கு 200 மீட்டர்.

சரிவு இன்னும் கொஞ்சம் செங்குத்தாகி ஐந்துக்கு ஒன்று ஆனால்? பூமியின் முடுக்கம் 2, செருப்பின் தடையும் 2. மிச்சம் பூஜ்யம். நீங்கள் எவ்வளவு நேரம் செருப்பைத் தேய்த்தாலும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பீர்கள். செருப்புதான் தேயும்! "போன வாரம் இதே செருப்பால்தானே நிறுத்தினேன்" என்று நினைத்துப் புதிய சரிவில் இறங்குகிறவருக்கு நேர்வது இதுதான். பிரேக் கெட்டுப்போகவில்லை, சரிவு மாறிவிட்டது.

இதே கணக்குதான் லாரிகளுக்கும். தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் விபத்து நடந்ததாகச் செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். டீசலை மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. 10 டன் லாரி ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக்குகள் மட்டுமே அதன் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும் என்றால், அந்த வெப்பத்தில் சுமார் 330 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டிய வெந்நீர்! அத்தனை வெப்பத்தைச் சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய பிரேக் கட்டைகள் தாங்குமா? சூடேறச் சூடேற அவற்றின் பிடிப்பு குறைகிறது. கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

வளைவும் வைக்கோலும்

நேர் சாலையில் வேகமாக வருவது பெரிய காரியமில்லை. காட்டுச் சாலை வளைந்து வளைந்து போகும். வளைவில் திரும்ப ஒரு விசை வேண்டும். அதைத் தருவது சக்கரத்துக்கும் தாருக்கும் உள்ள உராய்வு மட்டுமே. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்ப, ஏறக்குறைய உங்கள் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை வேண்டும். 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், உராய்வு எடையின் பத்தில் ஆறு பங்கு கிடைத்தாலும்கூட 30 கி.மீ.க்கு மேல் திரும்ப முடியாது. எனவே பலகைக்காரர்கள் வளைவுக்கு முன்பே பலகையைக் குறுக்காகத் திருப்பிச் சறுக்கவிட்டு வேகத்தைக் கொல்கிறார்கள். தரையில் ஊன்றும் கையுறையின் உள்ளங்கையில் தடித்த பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருப்பார்கள். இரும்பு பேரிங்குக்கு இந்தப் பக்கவாட்டுப் பிடிப்பு மிகவும் குறைவு. பேரிங் வண்டி வளைவில் திரும்பாமல் அப்படியே நேராக ஓடைக்குள் போவது கயிற்றைப் பிடித்தவரின் குற்றமல்ல.

பிடிப்பு தவறினால்? அதற்காகத்தான் வளைவுகளின் வெளிப்புறத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வருகிறார். இது 11 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, விழும் வேகம். ஒரு மரத்தில் மோதி 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால் அவர் உடல்மீது சராசரியாக 11 டன் எடைக்குச் சமமான விசை விழும். வைக்கோலுக்குள் புதைந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் சுமார் 560 கிலோ எடைக்குச் சமமான விசைதான். வலிக்கும்; ஆனால் எழுந்து நடந்துவிடலாம். நிற்கும் தூரம் இருபது மடங்கு கூடினால் விசை இருபதில் ஒரு பங்காகிறது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைக்கும் இதே வேலைதான். அது நசுங்கித் தூரம் தருகிறது.

முடிவுக் கோட்டை எங்கே போடுவது என்பதிலும் அறிவியல் உண்டு. கோட்டைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் மேடேறினால் நல்லது. வேகம் கொடுத்த பூமியே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், பிரேக்கே வேண்டாம். நம் ஊர்ச் சரிவுகளோ பெரும்பாலும் நேரே பஸ் போகும் சாலையில் வந்து முடிகின்றன. 5 மீட்டர் சரிவின் கீழே உங்கள் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இருக்கும். பஸ்ஸைப் பார்த்து, மூளை விஷயத்தைப் புரிந்துகொண்டு, கால் தரையைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறது. செருப்பு தேயத் தொடங்குவதற்கு முன்பே பத்து மீட்டர் போய்விட்டீர்கள். பந்தயம் நடத்துகிறவர்கள் முதல் வேலையாகச் சாலையை அடைப்பது இதற்காகத்தான். சாலையை அடைக்க முடியாத இடத்தில் பேரிங் வண்டி விடாதீர்கள். பள்ளி மைதானத்தின் ஓரச் சரிவு போதும்.

சரிவை அளக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் ஓர் அளவு நாடாவும் போதும். பாதையில் 10 மீட்டர் தள்ளி இரண்டு இடங்களில் குச்சி ஊன்றி, குழாயின் இரு முனைகளையும் குச்சிகளில் பிடியுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரு குச்சிகளிலும் அளந்து கழித்தால், அந்த 10 மீட்டரில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறோம் என்பது வந்துவிடும். நம் சூத்திரம் சொல்லும் வேகம் உண்மையில் வருகிறதா, காற்றும் கல்லும் எவ்வளவு திருடுகின்றன என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பந்தயமும் நடத்தலாம். ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்து, ஒரு கோலிக்குண்டு, ஒரு டார்ச் செல், ஒரு வளையல் மூன்றையும் ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். கோலி முதலில் வரும், செல் இரண்டாவது, வளையல் கடைசி. எடையை மாற்றிப் பாருங்கள், பெரிய வளையல் எடுத்துப் பாருங்கள், வரிசை மாறாது. உருளும் பொருள் முன்னே ஓடவும் வேண்டும், தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். வளையலின் நிறை முழுவதும் ஓரத்தில் இருப்பதால், கிடைத்த ஆற்றலில் சரிபாதி சுற்றுவதற்கே செலவாகிறது. கோலிக்கு ஏழில் இரண்டு பங்குதான் செலவு. சரிவுப் பந்தய வண்டிகளுக்குக் கனமான பெரிய சக்கரம் பூட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரை வாய்வரை நிரப்பி மூடுங்கள். மற்றதில் மணலைத் தட்டித் தட்டி இறுக நிரப்பி மூடுங்கள். பலகையில் இரண்டையும் படுக்கவைத்து ஒன்றாக உருட்டிவிட்டால் முதலில் வருவது எது? மணல் பாட்டில்தான் கனம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்து சுற்றுகிறதா என்று முதலில் யோசியுங்கள். பிறகு உருட்டிப் பாருங்கள். பலகையின் முடிவில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.